இருட்டில் ஷட்டரைத் திறந்துவைத்து மின்பொறி படம் எடுப்பது எப்படி?

சிங்கப்பூர் ஜூரோங் ஈஸ்ட் அறிவியல் நிலையத்தில் டெஸ்லா காயில் (உயர் மின்னழுத்தத்தில் காற்றில் நீண்ட பொறிகளைப் பாய்ச்சும் கருவி) காட்சியைப் பார்த்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கைபேசியில் நாற்பது படம் எடுத்தாராம், பாதி வெள்ளைத் திட்டு, மீதி வெறும் இருட்டு. பொறிகள் மரக்கிளை மாதிரி கொத்தாகப் பிரிந்து நிற்கும் படங்களை எப்படி எடுக்கிறார்கள் என்பது அவருடைய முதல் கேள்வி. பழைய மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி வீட்டிலேயே பொறி உண்டாக்கிப் படம் எடுக்கலாமா, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீடுதான், விளக்கை அணைத்தால் இருட்டாகிவிடும் என்பது இரண்டாவது.

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன், அதைத் தள்ளிப்போடக் கூடாது. வேண்டாம் தம்பி. அந்த டிரான்ஸ்ஃபார்மர் தருவது 2,000 வோல்ட்டுக்கு மேல், ஆனால் ஆளைக் கொல்வது வோல்ட்டின் பின்னால் வரும் மின்னோட்டம். அரை ஆம்பியரை அது தயங்காமல் கொடுக்கும். நெஞ்சு வழியாக 100 மில்லிஆம்பியர் பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலைந்து போகும். வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு தெரிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) இருக்கிறதே, டிரிப் ஆகிவிடுமே என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். 2025 ஜூலை 1 முதல் இங்கே எல்லா வீடுகளிலும் அது கட்டாயம், நல்ல காரியம்தான். ஆனால் சுவரிலிருந்து வரும் மின்சாரம் போன வழியிலேயே முழுசாகத் திரும்பி வருகிறதா, நடுவில் எங்கேயாவது மண்ணுக்குக் கசிகிறதா என்று மட்டுமே அது பார்க்கிறது. டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கச் சுருளுக்கு நடுவில் உங்கள் இரண்டு கைகளும் மாட்டிக்கொண்டால், சுவர்ப் பக்கத்தில் எந்தக் கசிவும் தெரியாது, ஏதோ ஒரு சாதனம் வேலை செய்வது போலத்தான் இருக்கும். துண்டிக்காது. அடுப்பின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டரில் உயிரை எடுக்கும் அளவு மின்னேற்றம் தங்கியிருக்கலாம், ஆகவே பிரிக்கும்போதே ஆபத்து தொடங்கிவிடுகிறது. இதே டிரான்ஸ்ஃபார்மரை வைத்துப் பலகையில் மின்னல் வடிவம் எரிக்கப் போய் அமெரிக்காவில் 30க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். அங்குள்ள மரக்கடைசல் கலைஞர்களின் தேசியச் சங்கமே தன் நிகழ்ச்சிகளில் அந்த வேலைக்குத் தடை போட்டுவிட்டது. நல்ல படம் எடுக்க இது தேவையே இல்லை. சில வெள்ளிக்குக் கிடைக்கும் பொருளை வைத்தே செய்ய ஒரு வழி கீழே சொல்கிறேன்.

சரி, முதல் கேள்வி.

உங்கள் படங்கள் வெள்ளையாகவும் இருட்டாகவும் மாறி மாறி வந்ததற்குக் காரணம், பொறியை ஒரு பொருளாக நினைத்து எடுத்திருக்கிறீர்கள். பூவுக்கோ முகத்துக்கோ வெளிச்சம் வேறு எங்கிருந்தோ வந்து அதன் மேல் விழுகிறது, அதனால் ஷட்டரை இரண்டு மடங்கு நேரம் திறந்தால் இரண்டு மடங்கு வெளிச்சம் கிடைக்கும். பொறி அப்படி இல்லை. அதுவே விளக்கு, அதுவே பொருள். ஒரு பொறியின் ஆயுள் மைக்ரோவிநாடிக் கணக்கு. நீங்கள் ஷட்டரைக் கால் விநாடி திறந்தாலும் 20 விநாடி திறந்தாலும் அந்த ஒரு பொறி படத்தில் ஒரே அளவு பிரகாசமாகத்தான் பதியும், அது பிறந்து செத்தது அவ்வளவு நேரம்தான். அதைக் கூட்டவோ குறைக்கவோ உங்கள் கையில் இருப்பவை அப்பர்ச்சரும் (லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பது) ஐஎஸ்ஓவும் (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) மட்டுமே. ஷட்டர் செய்யும் வேலை வேறு: எத்தனை பொறிகள் ஒரே படத்தில் சேரப்போகின்றன, அறையில் இருக்கும் மற்ற வெளிச்சம் எவ்வளவு உள்ளே வரப்போகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. இதை ஒரு தடவை மனசில் வாங்கிக்கொண்டால் மீதியெல்லாம் தானாக வரும். நான் பள்ளி அறிவியல் கூடத்தில் பொறுப்பாளராக இருந்த காலத்தில் பிள்ளைகளுக்குப் படக்கலை மன்றத்தில் சொல்லிக்கொடுத்தபோது, எண்களையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு இந்த ஒன்றைத்தான் முதல் நாள் முழுவதும் சொல்லுவேன்.

கைபேசி ஏன் தோற்கிறது என்பதும் இதிலிருந்தே புரியும். பெரும்பாலான கைபேசிகளின் முக்கிய கேமராவில் அப்பர்ச்சரை மாற்ற முடியாது, எஃப் 1.8 போல அகலமாகத் திறந்தே இருக்கும் (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது), இருட்டான அறையைப் பார்த்ததும் அது தானாக ஐஎஸ்ஓவையும் மேலே ஏற்றிவிடும். ஒவ்வொரு பொறியும் வெந்து வெள்ளையாகிறது. நைட் மோடில் போட்டால் பல படங்களை எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சேர்க்கும், ஒரே ஒரு படத்தில் மட்டும் தெரியும் பொறியை அசைவு என்று நினைத்துப் பெரும்பாலும் அழித்துவிடும். புரோ மோட் இருந்தால் ஐஎஸ்ஓவை அடிமட்டத்துக்கு இறக்கி, ஷட்டரை அரை விநாடி வைத்து, ஃபோகஸைக் கையால் பூட்டி, கைபேசியை எதன் மேலாவது சாய்த்து எடுங்கள். ஓரளவு வரும்.

கேமரா இருந்தால் டெஸ்லா காயிலுக்கு நான் தொடங்கும் இடம் எஃப் 8, ஐஎஸ்ஓ 200, அரை விநாடி. முதல் படத்தைப் பெரிதாக்கி, கிளையின் நுனிகளைப் பாருங்கள். நுனிகள் தெரியவில்லையென்றால் எஃப் 5.6க்குத் திறங்கள், நடுத்தண்டு முழுவதும் நிறமே இல்லாமல் வெளுத்திருந்தால் எஃப் 11க்கு மூடுங்கள். ஷட்டரைத் தொடாதீர்கள். வெளிச்சம் சரியான பிறகுதான் ஷட்டருக்கு வர வேண்டும், அப்போது கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: கொத்து எவ்வளவு அடர்த்தியாக வேண்டும்? இதில் எல்லோரும் பேராசைப்படுவார்கள், நானும் பட்டிருக்கிறேன், பத்து விநாடி திறந்தால் பத்து மடங்கு அழகு என்று தோன்றும். ஆனால் எல்லாப் பொறிகளும் கிளம்புவது ஒரே முனையிலிருந்து. நுனிகள் வெவ்வேறு திசையில் போனாலும் அடிப்பகுதி ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து கூடிக்கொண்டே போகும், கடைசியில் வேர் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளை உருண்டைதான் மிஞ்சும், கிளைகளுக்கு நடுவில் இருக்க வேண்டிய இருட்டும் போய்விடும். பொறிக்கு வடிவம் கொடுப்பதே அந்த இருட்டுதான். அரை விநாடி, அதிகம் போனால் ஒரு விநாடி. இன்னும் அடர்த்தி வேண்டுமென்றால் அரை விநாடிப் படங்களாக இருபது எடுத்து, வீட்டுக்கு வந்து கணினியில் லைட்டன் முறையில் அடுக்குங்கள். அந்த முறை இரண்டு படங்களில் எது பிரகாசமோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளும், கூட்டாது, அதனால் வேர் வெந்துபோகாது, பிடிக்காத பொறியைத் தூக்கியும் விடலாம்.

மறந்துவிடக் கூடாத சில்லறை விஷயங்கள் உண்டு. ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் தடுமாறும், ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே காயிலின் உச்சியில் ஃபோகஸ் வைத்துவிட்டுப் பூட்டுங்கள். லென்ஸில் இருக்கும் நடுக்கம் தடுக்கும் வசதியை டிரைபாடில் அணையுங்கள். நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் (படத்தில் விழும் புள்ளிகள்) நீக்கத்தையும் அணையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே அளவு நேரம் கேமரா கறுப்புப் படம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், காட்சி முடிந்துபோகும். அறிவியல் நிலையத்தில் டிரைபாட் வைக்கலாமா என்று ஊழியர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியார் பட்டறையில் யாராவது காயில் வைத்திருந்து உங்களை அழைத்தால், தூரம் முக்கியம். காயில் ஓடும்போது சுற்றிலும் வலுவான ரேடியோ அலைகள் பரவும். ஒருமுறை மிக அருகில் போய் நின்று என் கேமரா அப்படியே உறைந்துபோனது, பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகுதான் உயிர் வந்தது, அன்றைக்கு எடுத்த கோப்புகளில் சில திறக்கவே இல்லை. அதிலிருந்து 100 மில்லிமீட்டர் லென்ஸோடு பல மீட்டர் தள்ளி நிற்பதுதான் என் வழக்கம். கம்பி போட்ட ரிமோட் ஏரியல் மாதிரி வேலை செய்யும், அதற்குப் பதில் இரண்டு விநாடி டைமர் போதும். கார்பன் ஃபைபர் டிரைபாட் உலோகம் இல்லையே என்று நினைக்காதீர்கள், கார்பனும் மின்சாரம் கடத்தும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அந்த அறைக்குள்ளேயே போகக் கூடாது. பொறியின் அந்தக் கூரிய வாடை ஓசோன் வாயுவுடையது, சிறிய அறையென்றால் சன்னலைத் திறந்துவிட்டு இடைவெளி விட்டு ஓட்டச் சொல்லுங்கள்.

இப்போது இதில் கற்பனைக்கு எங்கே இடம் என்று பார்ப்போம். பலரும் பார்த்திருக்கும் ஒரு படம் உண்டு: கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஆய்வுக்கூடத்தில் நிக்கோலா டெஸ்லா நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருக்க, தலைக்கு மேல் மீட்டர் கணக்கில் பொறிகள் பாயும். 1899இன் கடைசியில் டிக்கன்சன் ஆலி என்ற படக்கலைஞர் எடுத்தது. டெஸ்லா உண்மையில் பொறிகளுக்கு நடுவே உட்காரவில்லை. ஆளில்லாத இருட்டில் காயிலை ஓட்டிப் பொறிகளை ஒரு படத்தகட்டில் பதித்துவிட்டு, காயிலை நிறுத்திய பிறகு டெஸ்லாவை நாற்காலியில் உட்காரவைத்து அதே தகட்டில் மறுபடி எடுத்தார்கள். இது இரட்டை எக்ஸ்போஷர் என்பதை டெஸ்லாவே தம் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அதை ஏமாற்று என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பொறியும் உண்மை, மனிதரும் உண்மை, நேரம் மட்டும்தான் வேறு. நீண்ட எக்ஸ்போஷர் என்றாலே வேறுவேறு நேரங்களை ஒரே தகட்டில் குடியிருத்துவதுதானே. இன்றைக்கும் பொறியோடு ஆள் இருக்கும் படம் வேண்டுமென்றால் பாதுகாப்பான வழி இதுவே. கேமராவை அசைக்காமல் பொறிகளை எடுங்கள், காயிலை நிறுத்தி மின்சாரத்தைத் துண்டியுங்கள், அப்புறம் ஆளை நிற்கவைத்து ஒரு ஃபிளாஷ். அந்த ஃபிளாஷுக்கு நீல ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத்தாள்) ஒட்டினால், பொறியின் வெளிச்சமே முகத்தில் விழுந்த மாதிரி இருக்கும்.

இன்னொரு விளையாட்டு, கேமராவை அசைப்பது. பொறி ஒவ்வொன்றும் கண நேரத்தில் பதிவதால், ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவைப் பக்கவாட்டில் நிதானமாகத் திருப்பினால் எதுவும் மங்காது. ஒன்றின் மேல் ஒன்றாக விழ வேண்டிய பொறிகள் விசிறி மடிப்பு மாதிரி விரிந்து தனித்தனியாக நிற்கும். இரண்டு கம்பிகளுக்கு நடுவே நெருப்புக் கோடு மேலே ஏறும் ஜேக்கப் ஏணியில் இதைச் செய்தால் இன்னும் ஒன்று தெரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும் ஏணியில் அந்த நெருப்பு விநாடிக்கு 100 தடவை எழுந்து அடங்குகிறது. கண்ணுக்குத் தொடர்ச்சியாகத் தெரியும் கோடு, கேமராவை வேகமாகத் திருப்பிய படத்தில் சீரான இடைவெளியோடு கோடு கோடாகப் பிரிந்துவிடும். முதன்முதலில் அதைப் பார்த்த நாளில் கோடுகளை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏணியில் மட்டும் மேலே சொன்ன விதி கொஞ்சம் மாறும்: ஷட்டர் திறந்திருக்கும் வரை நெருப்பும் எரிந்துகொண்டே இருப்பதால், நேரம் கூடினால் தனிக்கோடு போய் முழுத்திரையாகிவிடும்.

பள்ளிகளிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் நிலைமின்சாரம் உண்டாக்கும் விம்ஸ்ஹர்ஸ்ட் இயந்திரம் கிடைத்தால் விடாதீர்கள். இரண்டு வட்டத் தட்டுகள் எதிரெதிராகச் சுழலும், கையால் சுற்றுவது. சிங்கப்பூரில் அதற்கு ஒரு தலைவலி உண்டு, இந்த ஊர்க் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். ஈரக் காற்றில் பொறி பாயாது என்று பலர் விளக்குவார்கள், அது சரியில்லை. தட்டுகள் மேலும் தாங்கிகள் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் படிந்து, சேரும் மின்னேற்றம் சேரச் சேர அதன் வழியே நழுவிப்போகிறது. டிசம்பர் மழையில் எங்கள் கூடத்தில் அரைமணி நேரம் சுற்றியும் ஒரு பொறி வரவில்லை, பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பிறகு அறையை ஏர்கானில் இரண்டு மணி நேரம் உலரவிட்டு, தட்டுகளை முடி உலர்த்தியால் சூடாக்கித் துடைத்துச் சுற்றியதும் பட்பட்டென்று பாய்ந்தது. அதில் இருக்கும் லெய்டன் ஜாடிகள் (மின்னேற்றத்தைச் சேர்த்துவைப்பவை) இணைந்திருந்தால் பொறி தடித்து வெள்ளையாகச் சத்தத்தோடு வரும், எஃப் 16 வரை மூட வேண்டியிருக்கும். ஜாடிகளைத் துண்டித்தால் மெல்லிய ஊதா இழைகள், எஃப் 4க்குத் திறந்தால்தான் தெரியும். எனக்குப் பிடித்தது இந்த இழைகள்தான். ஓட்டி முடித்ததும் இரண்டு உருண்டைகளையும் ஒட்டவைத்து மின்னேற்றத்தைத் தீர்த்த பிறகே கை வைக்க வேண்டும், ஆசிரியர் அருகில் இல்லாமல் தொடவே கூடாது.

இனி, வீட்டில் செய்வது. தேக்காவில் எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும் காஸ் அடுப்பு லைட்டர், உள்ளே காஸ் இல்லாத, அழுத்தினால் பொறி மட்டும் வரும் வகை. அதற்குள் இருக்கும் படிகத்தைச் சுத்தியல் மாதிரி ஒன்று தட்டுவதால் ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டாகிறது, ஆனால் ஆற்றல் மிகச் சிறியது, விரலில் பட்டால் சுரீர் என்று குத்தும், அவ்வளவுதான். உண்மையான உயர் மின்னழுத்தப் பொறி அது, பெரிய பொறிக்குரிய எல்லா விதிகளும் அதற்கும் பொருந்தும். இதை வைத்து நான் புள்ளிக் கோலம் போடுவேன். தடித்த கறுப்பு அட்டையில் 5 வரிசைக்கு 5 புள்ளி, நேர்ப்புள்ளியாக 25 ஓட்டை, லைட்டர் முனை பொருந்தும் அளவில். அட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, முன்னால் ஒரு மீட்டர் தள்ளி டிரைபாடில் கேமரா, பல்ப் மோட் (நாம் மூடும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும்), எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400. காஸ் அடுப்பு இல்லாத அறையில் விளக்கை அணைத்து, சன்னல் திரையை மூடி (வீவக வீட்டில் தாழ்வாரத்து விளக்கு கதவிடுக்கு வழியே வரும், துண்டை வைத்து அடையுங்கள்), ஷட்டரைத் திறந்து, அட்டைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு ஓட்டையிலும் முனையை வைத்து ஒரு அழுத்து. இருட்டில் விரலால் தடவித் தடவி அடுத்த ஓட்டைக்குப் போக வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் ஆகும், ஆகட்டும், அறை இருட்டாக இருக்கும் வரை நேரத்துக்குக் கணக்கில்லை. ஒரு ஓட்டையில் ஒரே அழுத்து என்றால் 25 புள்ளியும் ஏறக்குறைய ஒரே பிரகாசம். நடுப்புள்ளியில் நான்கு தடவை அழுத்தினால் அது மட்டும் மணி போலத் தடித்து எழும். புள்ளிகள் முடிந்ததும் அட்டையை எடுத்துவிட்டு, லென்ஸை நோக்கிப் பிடித்த சின்னஞ்சிறு எல்இடி விளக்கால் காற்றில் சுழிக்கோடு இழுக்கலாம். அந்தக் கோட்டுக்கு மட்டும் வேகம் முக்கியம், மெதுவாக இழுத்தால் தடிக்கும், வேகமாக இழுத்தால் மெலியும். பொறிக்கும் சாதாரண விளக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரே படத்தில் உங்கள் கையாலேயே விளங்கிவிடும்.

பிளாஸ்மா உருண்டையும் நல்லது, பரிசுப்பொருள் கடைகளில் கிடைக்கும். ஆனால் அதன் இழைகள் தொடர்ந்து எரிபவை, ஆகவே அங்கே ஷட்டர்தான் ராஜா. எட்டு விநாடி என்றால் வெறும் பனிமூட்டம், கால் விநாடிக்குக் கீழே வந்தால்தான் இழை இழையாகத் தெரியும். கண்ணாடியின் மேல் காசு, மோதிரம் எதையும் வைக்காதீர்கள், கையைச் சுடும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. பொறியின் நீலமும் ஊதாவும் பெரும்பாலும் காற்றிலுள்ள நைட்ரஜன் கொடுப்பது. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதைச் சரிசெய்கிறேன் என்று சாம்பலாக்கிவிடும். ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலக்கோப்பு) எடுத்து, பகல் வெளிச்ச அமைப்பில் 5,500 கெல்வின் பக்கம் வையுங்கள். 3,200க்கு இறக்கினால் ஆழ்ந்த நீலம் வரும், பார்க்கக் கவர்ச்சிதான், ஆனால் ஊதா முழுவதும் போய்விடும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

கடைசியாக, நம் தலைக்கு மேலேயே இலவசமாகப் பொறி பாய்கிறது. இந்தத் தீவில் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாட்கள் இடிமின்னல்தான், ஏப்ரல், மே, நவம்பரில் மிக அதிகம். காயிலுக்குச் சொன்ன அதே கணக்கு மின்னலுக்கும் சரிப்படும், ஆனால் ஊர் வெளிச்சம் இருப்பதால் ஷட்டரை 15 அல்லது 20 விநாடிக்கு மேல் வைக்க முடியாது; எஃப் 8, ஐஎஸ்ஓ 100 என்று தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டே இருங்கள். மொட்டை மாடிக்கோ திடலுக்கோ போகாதீர்கள், தாழ்வாரமும் வேண்டாம். மூடிய சன்னலுக்கு உள்ளேயிருந்து, லென்ஸைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய், அறை விளக்கின் பிரதிபலிப்பு விழாமல் சுற்றிலும் கறுப்புத் துணியைப் போர்த்தி எடுங்கள். மழை நேராகச் சன்னலில் அடிக்காத பக்கம் இருக்கும் அறை எது என்று முன்கூட்டியே பார்த்துவைத்திருந்தால், சுமத்ராப் பக்கமிருந்து காற்றும் மழையும் விடியற்காலையில் திடீரென்று வந்து எழுப்பும்போது தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.